நான் சொன்ன நன்றியுரை

தமிழர் கூட்டங்களில் நன்றியுரை சொல்ல எழும்புகிறவனைப் போல அநாதை வேறு எவனும் இல்லை. தலைமையுரைக்குக் கைதட்டுவார்கள். பிள்ளைகளின் நடனத்தைத் தாய்மார் எழுந்து நின்று பார்ப்பார்கள். 'அடுத்து நன்றியுரை' என்று அறிவிப்பாளர் சொல்லி வாயை மூடுவதற்குள் கதிரைகள் இழுபடத் தொடங்கிவிடும். செருப்பைத் தேடுவார்கள், பிள்ளையைத் தேடுவார்கள், வீட்டுத் திறப்பைத் தேடுவார்கள். அந்தச் சந்தடிக்குள் கையில் முழுநீளக் கடதாசியோடு ஒருவன் மட்டும் மைக்குடன் மாரடித்துக்கொண்டிருப்பான். எங்கள் ஒழுங்கையில் ஏழு வருஷமாக அந்த ஒருவன் நான்தான்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் எங்களுடையதும் ஒன்று. மேல் முனையில் கடைகள், கீழ் முனையில் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். இடையில் நாற்பது வீடுகள் இருக்கும். யுத்தம் தொடங்கிய பிறகு அந்த வீடுகளின் பின்னறைகளும் மேல்மாடிகளும் கார் விடுகிற கொட்டில்களும் ஆட்களால் நிரம்பிவிட்டன. வடக்கிலிருந்து வந்தவர்கள், வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள், போக வழியில்லாமல் தங்கிப்போனவர்கள் என்று ஒரு வீட்டுக்குள் மூன்று நான்கு சமையல் நடக்கும். யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் பொலிசில் பதிந்து, முத்திரை குத்திய அந்தப் பத்திரத்தை ஒவ்வொரு வீட்டிலும் கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருப்போம். அதில் பெயரில்லாத ஆளைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விடும். இவ்வளவுக்கும் நடுவில் எங்களுக்குக் குடியிருப்பாளர் சங்கம் என்று ஒன்றும் இருந்தது. தைப்பொங்கலுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பொங்கல் விழா நடத்துவது அதன் ஒரே வேலை. செயலாளர் நான்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளாக். அம்மாவோடு வாடகை வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடக் காலத்தில் பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கிண்ணங்களை அம்மா வெள்ளிக்கிழமை தோறும் துடைத்து வைப்பார். நாள் முழுக்க ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் படிவம் நிரப்புகிற ஒருவனுக்கு வருஷத்தில் பத்து நிமிடம் மைக் கிடைத்தால் என்ன செய்வான்? என்னிடமிருந்த தமிழ் முழுவதையும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் கொட்டுவேன். கேட்க ஆளில்லை என்பது என்னை ஒருபோதும் தடுத்ததில்லை.

உண்மையில் அந்த விழாவை நடத்தியது சங்கமல்ல, ஒழுங்கை முனையிலிருந்த கடைகள்தான். பலசரக்குக் கடைக்காரர் அரிசியும் சர்க்கரையும் பயறும் தருவார். வெளிநாட்டுக்கு டெலிபோன் எடுத்துக் கொடுக்கும் கொமினிகேஷன்காரர் ஸ்பீக்கரும் மைக்கும் தருவார். சலூன்காரர் தேசிக்காய் ஓட்டத்துக்கும் சங்கீதக் கதிரைக்கும் பரிசாகப் பவுடர், சவர்க்காரம் தருவார். லோன்றிக்காரர் மேசை விரிப்புகளைத் தோய்த்து, கஞ்சி போட்டு, அயன் பண்ணித் தருவார். இவர்கள் எவரும் கைம்மாறு கேட்டதில்லை. ஆனால் மைக்கில் ஒருமுறை தங்கள் பெயர் கேட்க வேண்டும். அதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, எல்லோரும் எழும்பிப் போன பிறகும் காத்திருப்பார்கள். பெயர் வந்ததும் அவர்களும் எழும்பிப் போய்விடுவார்கள்.

பெயர் தவறினால் தொலைந்தோம். ஒரு வருஷம் நான் சலூன்காரரின் பெயரை விட்டுவிட்டேன். கடதாசியில் இருந்தது, வாசிக்கும்போது ஒரு வரி பாய்ந்துவிட்டது. அடுத்த மாதம் அவரிடம் சவரம் செய்யப் போனபோது மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தி அவர் கையில், கழுத்து என்னுடையது. "மறதிதான் தம்பி, எல்லாருக்கும் வாறதுதான்" என்று கடைசியில் சொன்னார். அன்றைக்கு வந்த வியர்வையில்தான், இனி ஒருவரையும் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவு நல்ல முடிவுதான். அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியவன்தான் பிழையானவன்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பின்னறையில் ஒரு அக்கா இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணுக்கு வைத்தியம் செய்யவென்று கிளிநொச்சியிலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்து இரண்டு கிழமைக்கு வந்தவர். கண் சரியாவதற்குள் யுத்தத்தில் வடக்குப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். போக வழியில்லை, பிறகு, போக வீடும் இல்லை என்று செய்தி வந்தது. இரண்டு கிழமைதானே என்று வீட்டுக்கார ஐயா அவரைப் பொலிஸ் பத்திரத்தில் எழுதவில்லை. இரண்டு கிழமை இரண்டு வருஷமான பிறகு எழுதினால், இவ்வளவு நாளும் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். அதனால் எழுதாமலே விட்டுவிட்டார்.

அக்கா செத்தல் மிளகாய் வாங்கி, மல்லி, சீரகத்தோடு வறுத்து, மில்லில் அரைப்பித்து, யாழ்ப்பாணத்துத் தூளாகப் பைகளில் கட்டிப் பலசரக்குக் கடைக்குக் கொடுப்பார். பையில் ஒரு எழுத்தும் இருக்காது. ஆனாலும் ஒழுங்கையில் அந்தத் தூளைத் தவிர வேறு தூள் எவரும் வாங்குவதில்லை. ஒளித்து இருக்க வேண்டிய மனிசி, போயும் போயும், ஊரையே தும்ம வைக்கிற தொழிலைச் செய்தார். அவர் தாச்சியை அடுப்பில் வைத்தால் முதலாம் இலக்க வீட்டில் இருமல் கேட்கும்.

அதிகம் சத்தம் போட்டவர் லோன்றிக்காரர். அவர் சிங்களவர். குருநாகல் பக்கத்து ஊர், ஐம்பது வயது கடந்தவர், இருபது வருஷமாக அதே கடையில் சிரட்டைக்கரி அயன்பெட்டியோடு நின்றவர். எல்லோருக்கும் அவர் 'லோன்றி அய்யே', சிங்களத்தில் அண்ணன்; அவருக்கு நாங்கள் 'மல்லி', தம்பி. ஆட்களோடு சிடுசிடுப்பார், துணிகளோடு மட்டும் அன்பாக இருப்பார். "மிளகா வாசம் சேர்ட்டுக்கு ஏறினா போறதில்ல மல்லி. ஒஃபிஸ்ல எல்லாம் தும்மும்" என்று ஒருநாள் என்னிடம் முறைப்பட்டார். பிறகு நேரே அக்காவின் வாசலுக்குப் போய்ச் சண்டை பிடித்தார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு காற்று கடல் பக்கம் போகிற நேரம் பார்த்துத்தான் அக்கா வறுத்தார்.

அந்த வருஷப் பொங்கல் விழாவுக்குச் சமையலுக்கு வேண்டிய தூள் முழுவதையும் அக்கா தந்தார். அதோடு இரண்டு நாள் நின்று மரக்கறி வெட்டினார், தேங்காய் துருவினார், இருநூறு பேருக்குச் சாம்பார் கிண்டினார். சனிக்கிழமை மத்தியானம் நன்றியுரைக்குப் பெயர்கள் எழுதிக்கொண்டு சமையல் கொட்டிலுக்குள் போனேன்.

"தம்பி, என்னைப்பற்றி ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

"அதெப்பிடி அக்கா, ரெண்டு நாளாக் கஷ்டப்பட்டுக்கொண்டு நிக்கிறியள்."

"இல்லைத் தம்பி, வேண்டாம். பேர் ஒண்டும் சொல்ல வேண்டாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்கள் ஆட்கள் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்றால் அதை யார் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள்? தேத்தண்ணி வேண்டாம் என்பார்கள். ஊற்றிக் கொடுத்தால் குடிப்பார்கள். பொன்னாடை வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே கழுத்தை நீட்டுவார்கள். மூன்று தரம் மறுப்பதும் நான்காம் தரம் இணங்குவதும் மரியாதை என்று வளர்ந்தவன் நான். அக்காவின் கண்ணைப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும். நான் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். சரி, பெயர் சொல்வதில்லை. ஆனால் பெயர் சொல்லாமலே எல்லோருக்கும் ஆள் யாரென்று விளங்கும்படி சொல்லலாமே. அந்த வசனத்தை மூன்று தரம் திருத்தி எழுதினேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

யுத்த காலத்தில் ஒலிபெருக்கி வைப்பதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, உலகம் தெரிந்தவர். அனுமதி கேட்கப் போன கையோடு இன்ஸ்பெக்டரையும் விழாவுக்கு அழைத்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இன்ஸ்பெக்டர் தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிளோடு வந்து முன்வரிசையில் இருந்தார். வடையும் பொங்கலும் கொடுத்தோம். பேச்சுகளைக் கொன்ஸ்டபிள் அவரின் காதுக்குள் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. கதிரைகள் இழுபட்டன. வழக்கம்போல ஐந்தாறு கடைக்காரர்கள், தலைவர், அவரின் மனைவி. இவர்களைத் தவிர அசையாமல் இருந்தவர்கள் அந்த இரண்டு பொலிஸ்காரர்கள் மட்டும்தான். ஏழு வருஷத்தில் முதல்முறையாக என் நன்றியுரையை ஒருவர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கிறார்! எனக்குக் குரல் தானாக உயர்ந்தது. கடைகளை எல்லாம் முடித்துவிட்டு அந்த வசனத்துக்கு வந்தேன்.

"தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று எனக்கு அன்புக் கட்டளை இட்டவர், கண் வைத்தியத்துக்கென இரண்டு கிழமைக்குக் கிளிநொச்சியிலிருந்து வந்து, இரண்டு ஆண்டுகளாக எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பின்னறையில் தங்கி, எவர் தயவுமின்றித் தன் கைத்தொழிலால் நிமிர்ந்து நிற்பவர், இன்றைய சாம்பாரின் சுவைக்குச் சொந்தக்காரியான அந்தச் சகோதரிக்கு எங்கள் இதயபூர்வமான நன்றிகள்!"

பெயர் ஒன்றுதான் பாக்கி. மற்ற எல்லாம் சொல்லிவிட்டேன். கொன்ஸ்டபிள் குனிந்து இன்ஸ்பெக்டரின் காதுக்குள் சொன்னார். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. சத்தம் கேட்டு நான் படலைக்கு ஓடினேன். கடைசி வீட்டு வாசலில் வீட்டுக்கார ஐயா கையில் அந்தப் பதிவுப் பத்திரத்தோடு நின்றார். அக்கா ஒரு சின்னக் கைப்பையோடு ஜீப்பில் ஏறினார். எங்கள் வீட்டைக் கடக்கும்போது ஜீப் மெதுவாகியது. முன்னால் இருந்த அதே கொன்ஸ்டபிள் என்னைக் கண்டு சிநேகமாகச் சிரித்தார்.

"சேர், அண்டைக்கு உங்கட பேச்சு நல்லம்" என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையாகத்தான் பாராட்டினார்.

பின்னால் இருந்த அக்கா என்னைப் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை. ஜீப் காலி வீதிக்கு ஏறித் திரும்பியது.

பின்னேரம் நாலு மணிக்கு அக்கா ஒரு ஓட்டோவில் திரும்பி வந்தார். வீட்டுக்கார ஐயா அவரின் சாமான்களைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். "எனக்கும் வழக்குப் போட்டிருப்பாங்கள் பிள்ளை, குறை நினையாதை" என்று அழுதார் என்று அம்மா வந்து சொன்னார். அக்கா தாச்சியையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு அதே ஓட்டோவில் போய்விட்டார். காலையிலிருந்து நாலு மணி வரை ஒழுங்கையிலிருந்து ஒருவரும் பொலிசுக்குப் போகவில்லை. சங்கத்தின் செயலாளரும் போகவில்லை. அவர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்.

அன்று மாலையே பலசரக்குக் கடையில் விசாரணை கூடிவிட்டது. ஆர் சொன்னது? ஆர் காட்டிக் குடுத்தது? நான் சீனி வாங்கப் போனவன் மாட்டிக்கொண்டேன்.

"பொலிசின்ர யூனிபோம் முழுக்க ஆற்ற கடையில தொங்குது? பிறகென்ன விசாரணை?" என்றார் சலூன்காரர்.

உண்மைதான். பொலிஸ்காரர்களின் காக்கி உடுப்புகளை லோன்றி அய்யேதான் அயன் பண்ணுவார். அவை கடையின் முன்கம்பியில் வரிசையாகத் தொங்கும். "மிளகாய் மணக்குதெண்டு மனிசியோட சண்டைக்குப் போனவனும் அவன்தானே" என்றார் இன்னொருவர். கொமினிகேஷன்காரர் கடைசி ஆணியையும் அடித்தார்: "இண்டைக்குப் பதினொரு மணிக்கே கடையைப் பூட்டிட்டு ஆள் மாறிட்டுது. குற்றமில்லாதவன் ஏன் ஓடுறான்?"

இத்தனை பேரும் அந்த ஞாயிற்றுக்கிழமை என் நன்றியுரைக்கு இருந்தவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் தன் பெயர் வரும் வரைக்கும்தான் இருந்தார்கள். அக்காவைப் பற்றிய வசனத்தை நான் கடைசிக்கென்று வைத்திருந்தேன். அதைக் கேட்டவர்கள் தலைவரும் மனைவியும் பொலிஸும் மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சலூன்காரர் என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி சொல்லுறியள்?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் அது ஓம்தான். சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு லோன்றி வெறிச்சிடத் தொடங்கியது. ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை, கல்லெறியவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். உடுப்புக் கொடுப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு அயன்பெட்டி வாங்கினார்கள். அம்மாவும் ஒன்று வாங்கினார். அய்யே கடை வாசலில் நின்று போகிற வருகிறவர்களைப் பார்ப்பார். நான் காலி வீதிக்கு ஏறும்போது எதிர்ப்பக்கத்தால் போகப் பழகிக்கொண்டேன். "மல்லி!" என்று ஒருநாள் கூப்பிட்டார். பஸ் வந்ததுபோல் ஓடினேன். பஸ் ஒன்றும் வரவில்லை.

பங்குனி நடுவில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பலசரக்குக் கடைக்கு அக்காவின் தூள் இன்னும் ஒரு ஓட்டோக்காரன் கையில் வந்துகொண்டிருந்தது. அக்காவின் விலாசம் கடைக்காரரிடம் இருந்தது. பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாள் காலை புறக்கோட்டைக்குப் போய் அங்கிருந்து மட்டக்குளி பஸ் எடுத்தேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகளுக்கு நடுவில், பொதுப் பைப்படிக்கு எதிரே ஒரு அறை. அக்கா படியில் இருந்து மிளகாய்க் காம்பு உடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ தம்பி" என்றார், நான் நேற்றும் வந்து போனவன்போல. பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

"அக்கா, நான் ஒண்டு சொல்லோணும்."

"தேவையில்லைத் தம்பி. நான் அண்டைக்குச் சமையல் கொட்டிலுக்குள்ள கிடாரம் கழுவிக்கொண்டு நிண்டனான். நீங்கள் கதைச்சது முழுக்கக் கேட்டது."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "கோவம் வரேல்லையோ அக்கா?"

"வந்தது. பிறகு போட்டுது. நல்லதைச் சொல்ல எண்டுதானே வெளிக்கிட்டனீங்கள்." காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். "அய்யே எப்பிடி இருக்கிறார்? கடை நடக்குதோ?"

"எந்த அய்யே?"

"லோன்றி அய்யே. அவர்தானே அண்டைக்கு ஸ்டேசனுக்கு வந்தவர். கடையையும் பூட்டிட்டு வந்து, பின்னேரம் வரைக்கும் வாங்கில எனக்குப் பக்கத்தில இருந்தவர். இருந்த நேரம் முழுக்க என்னைப் பேச்சு. உன்ர மிளகாயால என்ர சேர்ட்டெல்லாம் நாறுது, இப்ப உன்னால கடையும் பூட்டு எண்டு. எண்டாலும் போகேல்லை. தனக்கு என்னைத் தெரியும் எண்டு கையெழுத்து வைச்சு எடுத்தவர். இந்த அறையும் அவற்ற மனிசியின்ர தமக்கையின்ர வீட்டு அறைதான். இங்க எல்லாம் ஒழுங்காப் பதிஞ்சிருக்கு."

அவர் கடையைப் பூட்டிய அந்தப் பதினொரு மணி எனக்கு நினைவுக்கு வந்தது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஒழுங்கையில ஆக்கள், அவர்தான் உங்களைக் காட்டிக் குடுத்தது எண்டு கதைக்கினம் அக்கா. ஒருத்தரும் உடுப்புக் குடுக்கிறேல்லை."

அக்காவின் கை நின்றது. "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

அக்கா மறுபடி காம்பு உடைக்கத் தொடங்கினார். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அதை இங்க வந்து எனக்குச் சொல்லி என்ன தம்பி? அங்க போய்ச் சொல்லுங்கோ. உங்களுக்குக் கதைக்கத் தெரியும்தானே."

"என்ர பேச்சாலதான் வந்தது எண்டு அவருக்குத் தெரியுமோ?"

"நான் சொல்லேல்லை. அது நீங்கள் சொல்லவேண்டியது."

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் மனதுக்குள் எழுதிவிட்டேன். முதலில் அய்யேயிடம் போவது. பிறகு பலசரக்குக் கடையில் எல்லோரும் கூடும் நேரம் பார்த்துச் சொல்வது. வசனங்கள் நன்றாக வந்தன. வெள்ளவத்தையில் இறங்கியதும் கால்கள் லோன்றிக்குப் போகாமல் தலைவரின் வீட்டுக்குப் போயின. ஒருவரிடம் சொல்லிப் பார்ப்போம், பிறகு மற்றவர்களிடம் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தலைவர் முழுவதையும் கேட்டார். அவருக்கு ஒன்றும் புதிதாக இருக்கவில்லை.

"ஐசே, எனக்குத் தெரியாதெண்டோ நினைக்கிறீர்? முன்னுக்கு இருந்து கேட்டனான்தானே. முடிஞ்ச கதையை இப்ப ஏன் கிண்டுறீர்? பொலிசைக் கூப்பிட்டது நான், கதைச்சது நீர். வெளியில வந்தால் சங்கத்தின்ர பேர்தான் கெடும். அடுத்த வருஷம் ஒரு கடைக்காரனும் ஒரு சாமான் தரான். லோன்றிக்காரனுக்கு இந்த ஒழுங்கை இல்லாட்டி இன்னொரு ஒழுங்கை. விடும்."

நான் விட்டேன். அவர் விடச் சொன்னதும் என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. ஒரு பெரியவரிடம் சொல்லியாயிற்று, அவர் முடிவு சொல்லிவிட்டார், இனி என் கையில் ஒன்றும் இல்லை. அன்று நன்றாகச் சாப்பிட்டேன். நன்றியுரையை நினைத்து வெட்கப்படுகிறேன், கடையில் தலையாட்டியதை நினைத்து இன்னும் வெட்கப்படுகிறேன். ஆனால் அந்தச் சாப்பாட்டை நினைத்தால் என்னை எனக்கே பிடிக்காமல் போகிறது.

சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒரு கிழமை இருந்தது. நான் வேலையால் வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். படலை திறக்கும் சத்தம் கேட்டு ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். லோன்றி அய்யே. கையில் பேப்பரில் சுற்றிய ஒரு சின்னக் கட்டு. எனக்குப் பின்னால் வந்து நின்ற அம்மாவுக்கு, நான் இல்லை என்று சொல்லும்படி கையால் காட்டினேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு முன்னுக்குப் போனார்.

"மல்லி இல்லையா அம்மா?"

"இன்னும் வரேல்லை."

என் சப்பாத்து படியில்தான் கிடந்தது. அவர் அதைப் பார்த்திருப்பார்.

"இது மல்லிட சேர்ட் ரெண்டு. தைமாசம் தந்த. எடுக்க வரல்ல." பேப்பர் சரசரத்தது. "நான் கடைய மூடுறது அம்மா. நாளைக்கி ஊருக்குப் போறது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய் மிச்சம் இருந்த உடுப்புக் குடுத்த. சில வீட்டுல கதவு திறக்கல்ல. அதுக்குக் காரியமில்ல."

"ஏன் அய்யே போறியள்?" என்று அம்மா கேட்டார். அம்மாவுக்குக் காரணம் தெரியும்.

"வேலை இல்லத்தானே." அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு அவர் குரல் மறுபடி கேட்டது. "மல்லிக்கு ஒரு விசயம் சொல்லுங்க அம்மா. இந்த லேன்ல எனக்கு இருவது வருசம் சாப்பாடு தந்த. எனக்குத் தமிழ்ல வடிவாச் சொல்லத் தெரியாது. மல்லிதானே எல்லாருக்கும் நன்றி சொல்ற ஆள். என்ட பேர்ல எல்லா வீட்டுக்கும் சொல்லச் சொல்லுங்க."

படலை சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்து கட்டை என் கட்டிலில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார். அடுத்த தையிலும் மைக் என் கையில்தான் இருந்தது, அதற்கடுத்த தையிலும். கடைகளின் பெயர்களை ஒன்றும் விடாமல் வாசித்தேன். அவர் சொல்லச் சொன்ன நன்றியை மட்டும் நான் ஒரு வீட்டுக்கும் சொல்லவில்லை.